மோட்டார் எவ்வளவு இழுக்கிறது?

தீபாவளி நெருங்கினால் கிள்ளானில் இருக்கும் என் சின்னம்மாவின் அரவை மில்லுக்கு ஓய்வே கிடையாது. மிளகாய், மல்லி, மஞ்சள், முறுக்கு மாவு, அதிரச மாவு என்று காலை ஏழு மணிக்கே பாத்திரமும் பையுமாக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். போன வருடம் சரியாக அந்த வாரத்தில், கடைவரிசைக்கு வரும் கேபிளில் ஏதோ கோளாறு. இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஊறவைத்து நிழலில் உலர்த்திய அரிசி காத்திருக்காது அல்லவா? வந்தவர்கள் வேறு மில்லைத் தேடிப் போனார்கள். சிலர் அதோடு திரும்பி வரவே இல்லை. "அடுத்த வருசத்துக்கு ஜெனரேட்டர் வாங்கியே ஆகணும்" என்று சின்னம்மா அன்றே முடிவு செய்துவிட்டார்.

அதற்கான கணக்கைப் போட்டவன் தம்பி, சின்னம்மாவின் மகன். கணினித் துறையில் வேலை. சனி ஞாயிறுகளில் மில்லில் நிற்பான். பழைய ஜெனரேட்டர் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது, 20 கேவிஏ, திங்கட்கிழமை முன்பணம் கட்ட வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னான். "அம்மா சேமிச்சு வச்ச காசு. நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கண்ணே" என்றான்.

சனிக்கிழமை மதியம் போனேன். சின்னம்மா தேநீர் கொடுப்பதற்கு முன்பே தம்பி ஒரு தாளை நீட்டினான். மில்லுக்கு வருவது 400 வோல்ட். மோட்டாருக்குப் போகும் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்ததில் 16 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 6,400 வாட், அதாவது 6.4 கிலோவாட். இரண்டு அரவை இயந்திரங்களுக்கும் ஒரே அளவு மோட்டார்தான் என்பதால் மொத்தம் 12.8. அதற்கு மேல் கொஞ்சம் தாராளம் வைத்து 20. பார்க்க நேர்த்தியான கணக்கு.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. முதல் முறை அவன் மூன்று கம்பிகளையும் சேர்த்து மொத்தக் கேபிளையே கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டிருக்கிறான். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடுகிறது, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டான். மீட்டர் சரியாகத்தான் சொன்னது. மூன்று முனைகளில் ஓடும் மின்னோட்டங்களும் ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு சுற்று தள்ளி நடப்பவை. எந்த நொடியில் கூட்டிப் பார்த்தாலும், ஒன்று போகும்போது மற்றவை வந்துகொண்டிருக்கும், கூட்டுத்தொகை பூஜ்யம். அதனால்தான் மும்முனை மோட்டாருக்குத் திரும்பி வரும் கம்பி தேவைப்படுவதில்லை. அந்த மூன்றுக்குள்ளேயே போக்குவரத்து முடிந்துவிடுகிறது.

தாளைப் பார்த்ததும், "1.732-ஐ விட்டுட்டியே தம்பி" என்றேன். மும்முனை மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் போதாது, மூன்றின் வர்க்கமூலத்தாலும் பெருக்க வேண்டும். இந்த 1.732 எங்கிருந்து வருகிறது என்று பலர் மிரளுவார்கள். வீட்டில் வருவது 230 வோல்ட். அது ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருப்பது. இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தால் 400. மோட்டாரில் மூன்று முனைகள், ஒவ்வொன்றும் 230 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் மூன்று தடவை 230, அதாவது 690. இந்தப் பக்கம் 400-ஐ 1.732-ஆல் பெருக்கினால் 693. இரண்டும் ஒன்றுதான். மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வழி: நம் நாட்டு மும்முனை மோட்டாரின் ஆம்பியரை 0.69-ஆல் பெருக்குங்கள், கேவிஏ கிடைத்துவிடும். மோட்டாருக்குள் சுருள்கள் ஸ்டாராக இருந்தாலும் டெல்டாவாக இருந்தாலும் இதே கணக்குதான். டெல்டா என்றால் இன்னொரு தடவை மூன்றால் பெருக்குபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கம்பியில் அளந்த ஆம்பியர் என்றால் ஒரே ஒரு 1.732, அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தால் 16 ஆம்பியருக்கு 11.1 வரவேண்டும், 6.4 அல்ல. நான் வெற்றியோடு தேநீரை எடுத்தேன்.

தம்பி விடவில்லை. "அண்ணே, நான் மீட்டரையே பாத்தேன்" என்றான். என்னை வாசல் பக்கம் இருந்த தெனாகா மீட்டருக்கு முன்னால் கூட்டிப்போனான். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அங்கே 1,000. மற்ற விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, கைப்பேசியில் நேரம் பிடித்தான். 20 மினுக்குக்கு 10.4 வினாடி. 3,600-ஐ 20-ஆல் பெருக்கி, 10.4-ஆலும் 1,000-ஆலும் வகுத்தால் 6.9 கிலோவாட். "என்னோட கணக்கு 6.4, மீட்டர் 6.9. உங்க கணக்கு 11. யாரு தப்பு?" என்று கேட்டான்.

ஒரு நிமிடம் எனக்கே வாய் அடைத்துவிட்டது. முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் தப்பான சூத்திரம் மீட்டரோடு ஒத்துப்போவதும், சரியான சூத்திரம் எங்கோ நிற்பதும் கண் முன்னால் நடந்தால் யாருக்கும் கொஞ்சம் ஆடும்.

விடை பவர் ஃபேக்டரில் இருந்தது. தம்பியின் கணக்கில் தப்பு ஒன்றல்ல, இரண்டு. 1.732-ஐ விட்டது ஒன்று. பவர் ஃபேக்டரை விட்டது இன்னொன்று. முதல் தப்பு விடையைக் குறைக்கிறது, இரண்டாவது கூட்டுகிறது. அந்த நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்ததால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன.

மோட்டார் சுழல வேண்டுமென்றால் உள்ளே காந்தப்புலம் வேண்டும். அந்தக் காந்தத்தை உண்டாக்கப் போகும் மின்சாரம் செலவாகிவிடுவதில்லை. போகும், திரும்பி வரும், மறுபடி போகும். ஒவ்வொரு முனையிலும் வினாடிக்கு 100 தடவை இந்தப் போக்குவரத்து நடக்கிறது. பக்கத்து வீட்டில் இடியாப்பத் தட்டு வாங்கிப்போய் அன்றைக்கே திருப்பிக் கொடுப்பதுபோல. தட்டு செலவாகவில்லை, ஆனால் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள் நடந்ததுதான். யூனிட் கணக்கில் இது ஏறாது. கம்பிக்கும் ஜெனரேட்டருக்கும் மட்டும் முழுச் சுமை. உண்மையில் வேலை செய்யும் பங்குக்குக் கிலோவாட் என்று பெயர், தூக்கிச் சுமந்த மொத்தத்துக்குக் கேவிஏ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பவர் ஃபேக்டர். 6.9-ஐ 11.1-ஆல் வகுத்தால் 0.62.

"அப்ப மோட்டார் மேல 0.84-னு போட்டிருக்கே?" என்றான் தம்பி. நல்ல கேள்வி. மோட்டாரின் பெயர்ப்பலகையைத் துணியால் துடைத்துப் படித்தோம். 15 கிலோவாட், 400 வோல்ட், 28.5 ஆம்பியர், காஸ் ஃபை 0.84, செயல்திறன் 90.6 விழுக்காடு, 50 ஹெர்ட்ஸ், 1,460 ஆர்பிஎம். இந்த 0.84 முழுச் சுமையில் ஓடும்போது மட்டும் பொருந்தும் எண். நாங்கள் அளந்த நேரத்தில் ஒரு அம்மா கொண்டுவந்த இரண்டு கிலோ மல்லிதான் உள்ளே இருந்தது.

"சரி, தொட்டியை நிரப்பு" என்றேன். ஓர் உணவகத்துக்குப் போக வேண்டிய மிளகாய் மூட்டை இருந்தது. கொட்டினோம். மோட்டாரின் குரல் தாழ்ந்தது, அங்கிருந்த எல்லோருக்கும் தும்மல். 27 ஆம்பியர். தம்பியின் சூத்திரப்படி 10.8 கிலோவாட். மீட்டரில் 20 மினுக்கு இப்போது 4.7 வினாடியில் முடிந்துவிட்டது. 15.3 கிலோவாட்! அவன் கணக்கு இந்த முறை மூன்றில் ஒரு பங்குக்கும் அருகே குறைந்துபோனது. என் கணக்கில் 27-க்கு 18.7 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.82. பெயர்ப்பலகையை ஒட்டி வந்துவிட்டது.

எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. காந்தத்துக்காகப் போய்வரும் பங்கை மட்டும் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தத்தின் வர்க்கத்திலிருந்து கிலோவாட்டின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் போதும், பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்தான். இரண்டு கிலோ மல்லிக்கு 8.7, மிளகாய் மூட்டைக்கு 10.8. வேலை இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் காந்தத்தின் தேவை கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. மோட்டார் சும்மா ஓடினாலும் உழைத்து ஓடினாலும் காந்தம் தன் பங்கைக் கேட்கும். அதனால்தான் சும்மா ஓடும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் அதலபாதாளத்தில் கிடக்கிறது.

1990-களில் நான் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். அப்போதெல்லாம் 415 வோல்ட். 2008-இல்தான் 400-க்கு மாறினோம். மும்முனை மோட்டாரின் திறனை அளக்க இரண்டு வாட்மீட்டர்களை மாட்டுவோம். இரண்டையும் கூட்டினால் மொத்தத் திறன். சுமை இல்லாமல் மோட்டாரை ஓட்டியதும் ஒரு மீட்டரின் முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. கம்பியை மாற்றி மாட்டிவிட்டேன் என்று பயந்து அணைக்கப் போனேன். மேற்பார்வையாளர், மலாய்க்காரர், பொறுமைசாலி, என் கையைப் பிடித்துத் தடுத்தார். பவர் ஃபேக்டர் 0.5-க்குக் கீழே போனால் அந்த முள் அப்படித்தான் திரும்பும். அந்த மீட்டரின் இணைப்பை மாற்றிப் படித்து, வரும் எண்ணைக் கழிக்க வேண்டும். இன்று கைக்கருவி ஒன்றே எல்லாவற்றையும் எண்ணாகக் காட்டிவிடுகிறது. வசதிதான். ஆனால் முள் பின்னால் போவதைப் பார்த்த எனக்கு அந்தப் பாடம் மறக்கவில்லை.

பெயர்ப்பலகையில் இன்னொரு குழி இருக்கிறது. 15 கிலோவாட் என்று போட்டிருப்பது மோட்டார் உள்ளே இழுப்பதை அல்ல, தண்டில் வெளியே தருவதை. பழைய கணக்கில் 20 குதிரைத்திறன். உள்ளே இழுப்பது தெரியவேண்டுமென்றால் செயல்திறனால் வகுக்க வேண்டும்: 15-ஐ 0.906-ஆல் வகுத்தால் 16.6 கிலோவாட். மீதி 1.6 வெப்பமாகவும் சத்தமாகவும் போகிறது. மோட்டாரின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அதுதான். அந்த 16.6-ஐ 0.84-ஆல் வகுத்தால் 19.7 கேவிஏ. 28.5-ஐ 0.69-ஆல் பெருக்கினாலும் ஏறக்குறைய அதேதான் வரும். இரண்டு வழியிலும் விடை ஒத்துப்போனால் பலகையைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இப்போது ஜெனரேட்டருக்கு வருவோம். ஜெனரேட்டரைக் கேவிஏ கணக்கில்தான் விற்கிறார்கள். முழுச் சுமையில் ஒரு மோட்டாருக்கே 19.7 போய்விடுகிறது. அவர்கள் வாங்க இருந்த 20, ஒரு மோட்டாரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டும். இரண்டாவதைத் தொட முடியாது. சொல்லப்போனால் முதல் மோட்டாரைக் கிளப்பவே முடியாது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை நேரடியாகப் போட்டால் முதல் சில வினாடிகளுக்கு முழுச் சுமை ஆம்பியரைப்போல ஆறு ஏழு மடங்கு இழுக்கும். சின்னம்மாவின் மில்லில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கிறது. அது மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும். குறைத்தும் 60 ஆம்பியர், 41 கேவிஏ. ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைக் கிளப்பினால் அந்த நேரத்தில் 60 கேவிஏயை எட்டும்.

20 கேவிஏ வந்து இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தீபாவளிக்கு முந்தைய வாரம், மின்சாரம் போய், எல்லோர் முன்னிலையிலும் பொத்தானை அழுத்தியதும், எஞ்சின் முக்கிப் புகையைக் கக்கி, மின்னழுத்தம் சரிந்து, ஸ்டார்ட்டரின் தொடுவான் கடகடவென்று ஆடி, எல்லாம் நின்றிருக்கும். சேமித்த பணமும் போய், வரிசையும் போயிருக்கும். தம்பியைக் குறை சொல்லவில்லை. அவன் அளந்தான், மீட்டரோடு ஒப்பிட்டும் பார்த்தான். பெரும்பாலானோர் அதுகூடச் செய்வதில்லை. ஆனால் ஒரே ஒரு நிலையில், அதுவும் லேசான சுமையில், ஒப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டான்.

மின்கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. வீடுகளுக்கு இது இல்லை, கடைக்கும் ஆலைக்கும் உண்டு. மாதச் சராசரி பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே இறங்கினால், குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் பில்லில் 1.5 விழுக்காடு கூடுதல், 0.75-க்குக் கீழே போனால் ஒவ்வொரு 0.01-க்கும் 3 விழுக்காடு. மாதம் முழுக்க 0.62-இல் ஓடினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். முதல் பத்துப் புள்ளிக்கு 15, அடுத்த பதின்மூன்றுக்கு 39, ஆக 54 விழுக்காடு. சின்னம்மாவின் பில்லில் அந்த வரி வரவில்லை, ஏனென்றால் மின்பலகைக்குப் பக்கத்தில் கெப்பாசிட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. காந்தத்துக்கான போக்குவரத்தை அது உள்ளேயே முடித்துவைக்கிறது. மோட்டார் கம்பியில் அளந்தால் 0.62 என்றாலும் வாசல் மீட்டருக்கு அது தெரியாது. உங்கள் பட்டறையில் இப்படி ஒரு பெட்டி இருந்து, பில்லில் திடீரென்று பவர் ஃபேக்டர் கட்டணம் முளைத்தால், முதலில் அந்தப் பெட்டியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சோதிக்கச் சொல்லுங்கள் என்றேன், நீங்களே திறங்கள் என்று சொல்லவில்லை. கிளாம்ப் மீட்டரைத் திறந்த மின்பலகைக்குள் நுழைப்பது மும்முனைக்கு உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. ஜெனரேட்டரை இணைப்பதும் அப்படியே. மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் இணைத்தால், வெளியே கேபிளைச் சரிசெய்துகொண்டிருப்பவரின் கைக்கு உங்கள் மின்சாரம் போய்ச் சேரும். மீட்டர் விளக்கின் மினுக்கை எண்ணுவதற்கு எந்த உரிமமும் வேண்டாம், எதையும் தொடவும் வேண்டாம். பெரிய ஆலைகளில் சிடி வைத்த மீட்டராக இருக்கலாம். அங்கே அதன் விகிதம் விளக்கின் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சேரவில்லையென்றால் அதனாலும் பெருக்க வேண்டும்.

இத்தனையையும் தூர நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா, கடைசியில் அவருக்கு வேண்டியதைக் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும்பா. ஒரு கிலோ அரைக்க எனக்கு எவ்வளவு கரண்டு ஆகுது?"

நியாயமான கேள்வி. மூட்டை மூட்டையாகக் கொட்டினால் மணிக்கு 120 கிலோ மிளகாய் அரைபடுகிறது என்பது அவர் அனுபவம். 15.3-ஐ 120-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 0.13 யூனிட். இரண்டு இரண்டு கிலோவாக ஆட்கள் கொண்டுவரும்போது மணிக்கு 40 கிலோ போனால் பெரிது. 6.9-ஐ 40-ஆல் வகுத்தால் 0.17. லேசாக ஓடும்போதுதான் கிலோவுக்குச் செலவு கூடுகிறது. கட்டண விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் யூனிட்டோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை அவர் விரல் மடக்கிப் போட்டுவிட்டார்.

"அப்ப ஒரே சாமான் கொண்டு வரவங்கள ஒண்ணா நிறுத்தி அரைக்கலாமா?" என்று தம்பி கேட்டான்.

"என் மல்லியும் அடுத்தவங்க மல்லியும் கலந்துட்டா யாரும் வர மாட்டாங்கடா. அந்தச் சில்லறை போகட்டும்" என்றார் சின்னம்மா. அவர் சொன்னதுதான் சரி.

திங்கட்கிழமை முன்பணம் கட்டவில்லை. மின்சாரம் போனால் ஒரு நேரத்தில் ஓர் இயந்திரம் மட்டும், காலையில் மிளகாய், மதியத்துக்கு மேல் மாவு என்று பேசி முடித்திருக்கிறார்கள். அதற்கே கிளப்பும் நேரத்துக்கு 41 வேண்டியிருப்பதால், தீபாவளி மாதத்துக்கு மட்டும் 60 கேவிஏ ஒன்றை வாடகைக்கு எடுக்க விலை கேட்டுக்கொண்டிருக்கிறான் தம்பி. விலைப்பட்டியல் வந்ததும் எனக்கு அனுப்பியிருந்தான். அதில் ஓரிடத்தில் கிலோவாட் என்றும் இன்னோரிடத்தில் கேவிஏ என்றும் கலந்து எழுதியிருந்தது. எது எந்த எண் என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.